ஒப்படைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது எப்படி

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லாத விசுவாசி இல்லை. வேலை போனவரிடம் சொல்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவரிடம் சொல்கிறோம். தூக்கம் வராத ராத்திரியில் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். சரி, சொல்லியாயிற்று. அப்புறம்? அடுத்த ஒரு மணி நேரம் கை எதைச் செய்ய வேண்டும், மறுநாள் காலையில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் ஒரு நர்ஸ். பல வருஷம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்; அதில் பாதிக்கு மேல் நைட் டூட்டி. இப்போது சபையில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. இறையியல் கல்லூரிக்குப் போனதில்லை. பயத்தில் இருக்கும் மனுஷரை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அதே பயத்தோடு கட்டிலில் படுத்திருக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

தேவ பராமரிப்பை, அதாவது நம் வாழ்க்கையைத் தேவன் பார்த்து நடத்துகிறார் என்பதை, நம்புவது என்றால், மனசுக்குள் ஓர் அமைதி வந்து உட்காரும்வரை காத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அமைதி வரலாம், வராமலும் போகலாம். சங்கீதம் 37:3 சொல்வது வேறு: "கர்த்தரை நம்பி நன்மைசெய்." பிரச்சினை தீர்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சங்கீதம் எழுதப்படவில்லை. பொல்லாதவன் செழிப்பதைப் பார்த்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருப்பவருக்கு எழுதப்பட்டது. அவருடைய நிலைமை இன்னும் மாறவில்லை. அப்படியே இருக்கும்போதே நம்பு, நன்மை செய் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நம்பிக்கை முழுசாக வந்த பிறகு நன்மை செய்யலாம் என்று காத்திருந்தவர்கள் கடைசிவரை காத்துக்கொண்டேதான் இருந்தார்கள், நான் பார்த்தவரையில்.

எதை நம்புகிறோம்

இதில் ஒரு தெளிவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகச் சொல்லித்தரும் பழைய நூல் ஒன்று உண்டு, 1563-இல் வந்த ஹைடெல்பர்க் வினாவிடை. அதில் 27-வது கேள்வி தேவ பராமரிப்பைப் பற்றியது. மழையும் வறட்சியும், விளைச்சல் உள்ள வருஷமும் இல்லாத வருஷமும், சுகமும் நோயும், ஐசுவரியமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனின் கையிலிருந்து வருகின்றன என்று அதற்குப் பதில். எனக்குப் பிடித்தது 28-வது கேள்வி. இதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன் என்று கேட்கிறது. துன்பத்தில் பொறுமையாக இருக்கலாம், நல்ல காலத்தில் நன்றியோடு இருக்கலாம், இனி வரப்போவதைக் குறித்துத் தேவன்மேல் நம்பிக்கை வைக்கலாம் என்கிறது பதில். 'ஏன் இப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கலாம்' என்று அதில் எங்கும் இல்லை. அதைத் தேடித்தான் நம்மில் பலர் வருஷக்கணக்கில் அலைகிறோம்.

ரோமர் 8:28-ஐச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. அடுத்த வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. அந்த 'நன்மை' எது என்று 29-ஆம் வசனம் சொல்கிறது: அவருடைய குமாரனின் சாயலுக்கு ஒப்பாவது. ஆக, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டது பதவி உயர்வும் அல்ல, நல்ல ரிப்போர்ட்டும் அல்ல. அவை கிடைத்தால் ஸ்தோத்திரம். கிடைக்காவிட்டால் வாக்கு பொய்யாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இயேசுவின் சாயல் என்றால் அன்பு. கஷ்டத்தின் நடுவில் நீங்கள் இன்னொருவருக்குச் செய்யும் ஒரு சின்ன நன்மையிலேயே அந்த வசனம் நிறைவேறத் தொடங்கிவிடுகிறது.

முதல் வேலை: ஹேண்ட்ஓவர்

வார்டில் டூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர் என்று ஒன்று உண்டு. போகிற நர்ஸ், வருகிற நர்ஸோடு ஒவ்வொரு கட்டிலாக நடப்பார். இவர் பெயர் இது, நேற்று ராத்திரி காய்ச்சல் இவ்வளவு, இந்த ஊசி இத்தனை மணிக்குப் போட்டாயிற்று, அடுத்தது இத்தனை மணிக்கு, ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, மகள் ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள். எல்லாம் சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டதும் பொறுப்பு மாறிவிடும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்விட வேண்டும். "எல்லாரும் நல்லா இருக்காங்க, பார்த்துக்கோங்க" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போனால் அது ஹேண்ட்ஓவர் ஆகாது. எல்லாம் சொன்ன பிறகும் வார்டிலேயே சுற்றிக்கொண்டு, வந்தவர் செய்வதையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது ஹேண்ட்ஓவர் ஆகாது.

நம் ஜெபம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு விதமாகத்தான் கெடுகிறது. "ஆண்டவரே, எல்லாவற்றையும் உம் கரத்தில் தருகிறேன்" என்று மொத்தமாகச் சொல்வோம். என்ன கொடுத்தோம் என்று நமக்கே தெரியாது. அல்லது கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வோம்.

எசேக்கியா ராஜாவுக்கு அசீரிய ராஜா சனகெரிப் மிரட்டல் கடிதம் அனுப்பினான். எசேக்கியா அதை வாங்கி வாசித்தான். ஆலயத்துக்குப் போனான். கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தான் (2 இராஜாக்கள் 19:14). கடிதத்தில் எழுதியிருந்ததைப் பொய் என்று சொல்லவில்லை. அசீரிய ராஜாக்கள் மற்ற தேசங்களை நாசமாக்கினது உண்மைதான் என்று ஜெபத்திலேயே ஒத்துக்கொள்கிறான். உண்மையை மறைக்காத ஜெபம்.

அதையே அப்படியே செய்யுங்கள். வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ், பயாப்ஸி ரிப்போர்ட், வேலை நீக்க உத்தரவு எதுவானாலும் சரி, காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்து முன்னால் உட்காருங்கள். கைபேசியில் வந்த செய்தி என்றால் அதைத் திறந்து வையுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன நடந்திருக்கிறது, இதுவரை நான் செய்தது என்ன, நாளை என் கையில் இருப்பது என்ன, என் கையில் இல்லாதது என்ன. கடைசிப் பகுதியைச் சத்தமாக வாசித்து ஜெபியுங்கள். பெயரோடு, தேதியோடு. "என் மகனுக்கு வழிகாட்டும்" என்பதைவிட "வியாழக்கிழமை நேர்காணலில் அவன் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் தாரும்" என்பது நல்லது. தேவனுக்கு விவரம் தெரியாது என்பதற்காக இல்லை. எதைக் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

கோபம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் நாம் ஏன் ஆண்டவர் முன்னால் நல்ல பிள்ளை மாதிரி நடிக்க வேண்டும்?

ராத்திரி விழிப்பு வரும்போது மறுபடி முதலிலிருந்து ஜெபிக்க ஆரம்பிக்காதீர்கள். அந்த நேரத்து ஜெபம் சீக்கிரமே கவலையாக மாறிவிடும்; 'ஆண்டவரே' என்று தொடங்கி, நாளைய வாதப் பிரதிவாதத்தை ஒத்திகை பார்ப்பதில் முடியும். "ஏற்கெனவே ஒப்படைத்தாயிற்று, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று ஒரு வரி போதும். தூக்கம் வரவில்லையா, படுத்தபடியே இன்னொருவருக்காக ஜெபியுங்கள், உங்கள் காரியத்தைத் தவிர வேறு யாருக்காகவாவது. நைட் டூட்டி நர்ஸ்களுக்காக ஜெபிக்கலாம், அவர்கள் விழித்துத்தான் இருப்பார்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால் விசுவாசம் போதவில்லை என்று முடிவு கட்டாமல் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். எலியா சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டு, எழுப்பிச் சாப்பாடு கொடுத்து, மறுபடி தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19).

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள்

பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போன கப்பல் கதை அப்போஸ்தலர் 27-ல் இருக்கிறது. பராமரிப்பைப் பற்றி ஒரே ஒரு அதிகாரம் வாசிக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். புயலில் நாட்கணக்காகச் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 276 பேர். ஒருவரும் சாகமாட்டீர்கள் என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் எல்லாருக்கும் சொல்கிறார். (அதற்கு முன்னால் "நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே" என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அப்போஸ்தலரும் மனுஷர்தானே.) வாக்கு வந்துவிட்டது, இனி சும்மா இருக்கலாமா? படகில் ஏறித் தப்பப் பார்த்த மாலுமிகளைக் கண்டதும், இவர்கள் கப்பலில் இருக்காவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அதே பவுல் காவலுக்கு வந்த படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். தேவன் காப்பாற்றுவார் என்பதும் உண்மை, மாலுமி வேண்டும் என்பதும் உண்மை. அவருக்கு இரண்டும் முட்டவில்லை. தேவன் காப்பாற்றப் போவதே அந்த மாலுமிகளை வைத்துத்தான்.

அப்புறம் விடியற்காலம். 14 நாளாகச் சாப்பிடாமல் கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார். அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுத் தானே முதலில் சாப்பிடுகிறார். மற்றவர்களும் தைரியம் அடைந்து சாப்பிடுகிறார்கள். விசுவாசம் என்றால் எனக்கு அந்தக் காட்சிதான். கடைசியில் கப்பல் உடைந்து போகிறது. ஆட்கள் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் கரை சேருகிறார்கள். கரையில் மழை, குளிர். அங்கே பவுல் என்ன செய்தார்? விறகு பொறுக்கினார் (28:3).

ஒரு நர்ஸாக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் போடும் மாத்திரையை 'விசுவாசத்தில்' நிறுத்துவது விசுவாசம் அல்ல. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு வசனத்தோடுதான் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இயேசு பதில் சொன்னார் (மத்தேயு 4). பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். மாத்திரை போடுங்கள், பரிசோதனைக்குப் போங்கள், விண்ணப்பம் எழுதுங்கள், கடன்காரரிடம் பேசித் தவணை கேளுங்கள். இவற்றைச் செய்யும்போதெல்லாம் முடிவு உங்கள் கையில் இல்லை என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். பதற்றம் குறைவது அங்கேதான்.

அடுத்த கட்டில்

ஹேண்ட்ஓவர் முடிந்த நர்ஸ் வீட்டுக்குப் போகலாம். ஆண்டவரிடம் ஒப்படைத்தவருக்கு அப்படி விடுப்பு கிடையாது. ஒரு பாரம் இறங்கினதால் கை காலியாகிறது, காலியான கைக்கு வேலை பக்கத்திலேயே இருக்கும்.

யோசேப்பு சிறையில் இருந்தான். செய்யாத குற்றம். 17 வயசில் அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள், பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30; நடுவில் இருந்தது எல்லாம் அடிமை வேலையும் சிறையும். ஒரு நாள் காலை, தன்னோடு அடைபட்டிருந்த பார்வோனின் வேலைக்காரர் இரண்டு பேரை, அதில் ஒருவன் பானபாத்திரக்காரன், பார்த்து, இன்றைக்கு உங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்கிறான் (ஆதியாகமம் 40:7). தன் வழக்கு அப்படியே கிடக்கிறது. அந்த நிலையில் அடுத்தவர் முகம் அவன் கண்ணில் படுகிறது. கதை முழுவதும் திரும்பியது இந்த ஒரு கேள்வியால்தான்; அந்தப் பானபாத்திரக்காரன்தான் பின்னால் பார்வோனிடம் அவனைப் பற்றிச் சொன்னான். ஆனால் கேட்கும்போது அவனுக்கு அது தெரியாது. முகம் வாடியிருந்தது, கேட்டான்.

நான் பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் இதைத்தான் செய்யப் பார்த்தேன். காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கையில் படிவம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி வாசித்து நிரப்பிக்கொடுத்தேன். 'ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்ற இடத்தில் அவருக்குப் பெயர் தெரியவில்லை. மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்து எழுதினேன். கால் மணி நேரம் போயிருக்கும். அதனால் என் பயம் பறந்துபோய்விடவில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரமும் என் பயம் அறையின் நடுவில் உட்காரவில்லை, மூலைக்குப் போயிருந்தது. என் முடிவு நல்லதாக வரவில்லை. அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் ஆயிற்று. படிவம் நிரப்பியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை வேண்டுமென்றே சொல்கிறேன். நல்லது செய்தால் தேவன் நமக்கு நல்லது செய்வார் என்ற கணக்கு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். அவர் முந்தி அன்புகூர்ந்தார், ஆகவே நாம் அன்புகூருகிறோம் என்றுதான் 1 யோவான் 4:19 சொல்கிறது. பட்டுவாடா முன்னாலேயே முடிந்துவிட்டது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இன்று செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவருக்குச் செய்யுங்கள். யாருக்கும் சொல்லாமல் செய்வது நல்லது. வீட்டில் இருப்பவரை விட்டுவிட்டு வெளியே தேடாதீர்கள். நம் கவலையின் முதல் அடி வீட்டில் இருப்பவர்மேல்தான் விழுகிறது. வேலை போன வாரத்தில் மனைவியிடமோ கணவரிடமோ எரிந்து விழாமல் ஒரு சாயங்காலத்தைக் கழிப்பது பெரிய அன்புதான்.

நமக்குத் தீங்கு செய்தவர்

இதுதான் கடினமான இடம். யோசேப்பு அண்ணன்மாரிடம் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்" (ஆதியாகமம் 50:20). முதல் பாதியைக் கவனியுங்கள். தீமை என்றே பெயர் சொல்கிறான். போனால் போகிறது, அது ஒன்றுமில்லை என்று பூசி மெழுகவில்லை. தேவன் அதை நன்மையாக முடித்தார் என்பதால் அவர்கள் செய்தது நல்லதாகிவிடாது.

இதே வாக்கியத்தை வைத்து, அடி வாங்குகிற பெண்ணிடம் "இதுவும் தேவ சித்தம், பொறுத்துப் போ" என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது பாவம். எஜமான் போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்தபோது யோசேப்பு அதை விட்டுவிட்டு ஓடினான். பானபாத்திரக்காரனிடம், உனக்கு நல்ல காலம் வரும்போது என்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல் என்று உதவியும் கேட்டான். ஓடுவதும், புகார் கொடுப்பதும், உதவி கேட்பதும் பராமரிப்பை நம்புகிறவருக்கு விலக்கப்பட்டவை அல்ல. பாதுகாப்பான தூரத்தில் இருந்துகொண்டே ஒருவரை மன்னிக்கலாம்.

யோசேப்பு அந்த வாக்கியத்தோடு நிறுத்தவில்லை என்பதையும் பாருங்கள். அடுத்த வசனத்தில் "நான் உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன்" என்கிறான். தேவன் தன்னைப் பராமரித்தார் என்று நம்பியவன், தன்னை விற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். நாம் அங்கே ஒரேயடியாகப் போய்விட முடியாது. தொடக்கமாக, அவர் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் ஜெபிக்கலாம். அவரைப் பற்றிய பேச்சு வரும்போது, தெரிந்த உண்மைக்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாமல் இருக்கலாம். பல மாதம் இந்த இரண்டோடு நிற்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

கட்டில் ஓரத்தில் சொல்லக் கூடாதவை

யோசேப்பின் அந்தப் பேச்சுக்கு இன்னொரு பாடம் உண்டு. அவன் குழியில் கிடந்தபோது யாரும் அவனிடம் போய், "தேவன் இதை நன்மையாக முடிப்பார்" என்று சொல்லவில்லை. அவனே சொன்னான், அவனுக்கு நடந்ததைப் பற்றிச் சொன்னான், ஆதியாகமத்தின் கணக்குப்படி விற்கப்பட்டுச் சுமார் 22 வருஷம் கழித்துத்தான் முதல் தடவையாகச் சொன்னான். பயந்து நடுங்கியவர்களைத் தேற்றுவதற்காகச் சொன்னான். எங்கள் குழுவில் நான் வைத்திருக்கும் சட்டம் இதிலிருந்து வந்ததுதான்: பராமரிப்பைப் பற்றிய விளக்கத்தை உங்கள் சொந்த வாழ்க்கைக்கு மட்டும் கொடுங்கள். அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

"ஏதோ பாவம் இருக்கும்" என்று ஜாடையாகக்கூடப் பேசாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார். "தாங்க முடியாத பாரத்தைத் தேவன் கொடுக்கமாட்டார்" என்பதையும் விட்டுவிடுங்கள். ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்தது பலத்துக்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:8). குழந்தையை இழந்தவரிடம் "ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டது" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும்.

யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. லாசருவை இன்னும் சில நிமிஷத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அழுதார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், முடிவு தெரியாத நாம் எதற்கு இவ்வளவு அவசரமாக ஆறுதல் சொல்கிறோம்?

சொல்வதற்கு என்ன இருக்கிறது? "ரொம்பக் கஷ்டமா இருக்குமே." "நான் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டுமா?" ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், சுருக்கமாக, வேண்டாம் என்றால் வெளியே வந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கிளம்பாதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு நான் கூட வரேன், நீங்க தனியாப் போக வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

ஒரு நோட்டு

எழுதி வைக்கும் பழக்கம் உதவும். 19-ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், மனுஷரிடம் பணம் கேட்காமல் ஜெபித்தே தேவைகளைச் சந்தித்தார் என்பதைச் சாட்சிகளில் கேட்டிருப்பீர்கள். அவர் வரவு செலவை எவ்வளவு துல்லியமாக எழுதி வைத்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குக் கிடைத்த அழைப்பு. எல்லாருக்கும் அது சட்டம் இல்லை. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் சபைகளிடம் வெளிப்படையாகவே காணிக்கை கேட்டார்.

ஒப்படைத்த காரியத்தைத் தேதியோடு எழுதி, எதிரில் இடம் விடுங்கள். பதில் வந்தால் நிரப்புங்கள், யார் மூலமாக வந்தது என்பதையும் சேர்த்து. வராத இடத்தை வெறுமையாகவே விடுங்கள், வலிந்து ஒரு விளக்கத்தை எழுதி அடைக்காதீர்கள். என் நோட்டில் வெறும் இடங்கள் நிறைய உண்டு. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே விசுவாசத்தோடு மரித்தவர்களைப் பற்றி எபிரெயர் 11 பேசுகிறது, அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்லவில்லை.

கொடுக்க வருகிறவரைத் தடுக்காதீர்கள்

கடைசியாக ஒன்று, இது பிறருக்கு ஓடி ஓடிச் செய்கிறவர்களுக்கு. தேவன் பராமரிப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கை வழியாகத்தான். எலியாவுக்கு முதலில் காகம், ஆறு வற்றின பிறகு ஒரு ஏழை விதவை. இயேசுவும் சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அவருக்கும் சீஷர்களுக்கும் தங்கள் ஆஸ்திகளால் ஊழியம் செய்த பெண்களின் பெயர்களை லூக்கா 8-ல் பார்க்கலாம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று உதவ வந்தவரைத் திருப்பி அனுப்பினால், கர்த்தர் அனுப்பினவரையே திருப்பி அனுப்புகிறோம்.

எனக்குச் சிகிச்சை நடந்தபோது சபையில் ஒருவர் போன் பண்ணி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று வாய்வரை வந்தது. நர்ஸ் புத்தி, கட்டிலில் படுத்தாலும் நாமே செய்துகொள்ளலாம் என்று தோன்றும். "மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் மாத்திரை வாங்கிவர முடியுமா, சனிக்கிழமைக்குள்" என்று கேட்டேன். உடனே வந்தார். உங்களிடமும் யாராவது கேட்பார்கள். அப்போது யோசிக்க வராது, ஆகவே இப்போதே ஒரு தாளில் மூன்று வேலைகளை எழுதி வையுங்கள்: ஒன்று அரை மணி நேரத்தில் முடியக்கூடியது, ஒன்று வண்டி உள்ளவர் செய்யக்கூடியது, ஒன்று வெளியூரில் இருப்பவர் போனிலேயே செய்யக்கூடியது. கேட்கிறவர் யார் என்று பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள், எந்த நாளுக்குள் வேண்டும் என்பதையும் சேர்த்து.